துண்டும் உச்சவரம்பும்

2019இல் கெவின் டுரான்ட் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸை விட்டு புரூக்லின் நெட்ஸுக்குப் போகிறார் என்ற செய்தி வந்தபோது அமெரிக்காவில் ஜூன் 30. மலேசியாவில் ஜூலை முதல் தேதி. கூடைப்பந்து பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் எந்த அணியோடும் பேசலாம், பிடித்த இடத்துக்குப் போகலாம். அவருக்குப் பெயர் ஃப்ரீ ஏஜென்ட். கேட்க எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வோர் அணிக்கும் சம்பளத்தில் ஓர் உச்சவரம்பு உண்டு. வாரியர்ஸ் ஏற்கெனவே அதைத் தாண்டி நின்ற அணி. டுரான்ட் வெறுமனே கிளம்பினால், அந்த இடத்துக்கு அதே விலையில் இன்னொருவரை எடுக்க விதி விடாது.

அதனால் இரண்டு அணிகளும் சேர்ந்து கணக்கைத் திருப்பி எழுதின. டுரான்ட் போனார். பதிலுக்கு டி'ஏஞ்செலோ ரஸ்ஸல் நான்கு ஆண்டு, 117 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தோடு வாரியர்ஸுக்கு வந்தார். இப்படி ஆளை வாங்கும் அணிக்கு இன்னும் இறுக்கமான ஒரு வரம்பு விழும். அதற்குள் அடங்க, 2015 இறுதிச்சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் ஆண்ட்ரே இகுடாலாவை மெம்பிஸுக்குத் தள்ளிவிட்டார்கள். மெம்பிஸுக்காக அவர் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. ரஸ்ஸலும் அடுத்த பிப்ரவரியில் மினசோட்டாவுக்கு அனுப்பப்பட்டார். ஒருத்தர் விரும்பி இடம் மாற, இரண்டு பேர் கணக்குப் புத்தகத்துக்காக இடம் மாறினார்கள்.

எனக்கு உடனே ஞாபகம் வந்தது எங்கள் பாட்டி அடிக்கடி சொல்லும் ஒரு வாக்கியம். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர் அவர். "எங்கப்பா தேயிலைக்காட்டுக்கு வரணும்னு வரலய்யா, கங்காணி கெளம்புனாரு, கூட்டமும் கெளம்புச்சு." அப்பா போனார் என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை. கூட்டம் போனது, அதில் அப்பாவும் இருந்தார், அவ்வளவுதான்.

கோடிகளில் புரளும் ஆட்டக்காரரையும் காசுக்கணக்கில் கூலி வாங்கியவரையும் ஒப்பிடலாமா என்று நீங்கள் கேட்கலாம். பணத்தை ஒப்பிட முடியாது, அது அசிங்கம். நான் ஒப்பிடுவது விதியை. யார் கிளம்பலாம், கிளம்பும்போது யார் யாருக்குப் பணம் கட்டவேண்டும், விலையை யார் உட்கார்ந்து எழுதுகிறார்கள் என்ற மூன்று கேள்விகளை.

இலங்கை மலையகத்தில் இதற்கென்று ஒரு காகிதமே இருந்தது. பெயர் துண்டு. தோட்டத்தை விட்டுப் போக நினைக்கும் கங்காணிக்குத் துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. இந்தக் கங்காணிக்கும் இவருடைய ஆட்களுக்கும் இவ்வளவு கடன் இருக்கிறது, கட்டினால் விடுவிக்கிறேன் என்பது அதன் சாரம். புதிய தோட்டம் கடனை அடைத்து ஆட்களை எடுத்துக்கொள்ளும். அடைத்த தொகை அதே ஆட்களின் தலையில் புதிய கடனாக ஏறும். ஆள் மலை மாறினாலும் கடன் பின்னாலேயே வரும். ஒவ்வொரு மாற்றத்திலும் முன்பணம் பார்க்கலாம் என்பதால் சில கங்காணிகளுக்கு இது நல்ல தொழில். இன்றைய ஆட்டக்காரர்களின் ஏஜென்ட்டுகளுக்கும் ஒப்பந்தத்தில் பங்கு உண்டு. ஆனால் அவர்களை ஆட்டக்காரர் வேலையை விட்டு நீக்கலாம். கங்காணியை யார் நீக்குவது? 1921இல் இலங்கை அரசு சட்டம் போட்டுத் துண்டை ஒழித்தது.

மலாயாவின் கதை வேறு மாதிரி. இங்கே முதலாளிகளின் தலைவலிக்கு கிரிம்பிங் என்று பெயர். ஒரு தோட்டம் கப்பல் செலவு கொடுத்துத் தமிழ்நாட்டிலிருந்து ஆளைக் கொண்டுவரும். பக்கத்துத் தோட்டம் நாலு காசு கூடச் சொல்லி இழுத்துக்கொள்ளும். செலவு ஒருவருக்கு, ஆள் இன்னொருவருக்கு. இதைத் தீர்க்க 1907இல் தமிழர் குடியேற்ற நிதி வந்தது. தமிழ்த் தொழிலாளர்களை வைத்திருக்கும் எல்லா முதலாளிகளும், ஆட்கள் வேலை செய்த நாள்கணக்குப்படி இதில் கட்டவேண்டும். ஆளெடுப்புச் செலவு இந்தப் பொது நிதியிலிருந்து போகும். திருடுகிறவனும் செலவில் பங்கு கொடுத்தாகவேண்டும். நான் படித்தது பொறியியல், ஒரு வடிவமைப்பாக இதைப் பார்த்தால் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. தொழிலாளிக்கும் இதில் நன்மை இருந்தது, கப்பல் கடன் இல்லாமல் கரை இறங்கினார்.

1910இல் இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாக எடுப்பது நின்றது. ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தால் யாரும் கிளம்பலாம். நோட்டீஸ் இல்லாமல் ஓடினால் சிறை என்ற நிலைமையும் 1920களின் தொடக்கத்தில் போனது.

காகிதத்தில் மட்டும் பார்த்தால், 1925இல் மலாயாத் தோட்டத்தில் இருந்த ஒரு தமிழ்த் தொழிலாளி அறுபதுகளின் என்பிஏ நட்சத்திரத்தைவிடச் சுதந்திரமானவர். அந்த நட்சத்திரத்தின் ஒப்பந்தம் முடிந்தாலும் அணியின் பிடி முடியாது. ஆட்டக்காரர் சங்கத் தலைவராக இருந்த ஆஸ்கர் ராபர்ட்சன் இதை எதிர்த்து 1970இல் வழக்குப் போட்டார். ஆறு ஆண்டு கழித்து 1976இல் சமரசம் ஆனது. அதற்குப் பிறகும் பழைய அணிக்கு உரிமைகள் மிச்சமிருந்தன. எந்தக் கட்டும் இல்லாமல் முதன்முதலாக ஒருவர் அணி மாறியது 1988இல்தான். சியாட்டிலிலிருந்து ஃபீனிக்ஸ் போன டாம் சேம்பர்ஸ்.

அப்படியானால் நம்ம ஆள் ஏன் ஃப்ரீ ஏஜென்ட்டாக வாழவில்லை? கிளம்பலாம், சரி. எங்கே போவது?

1922இல் இந்தியா குடிபெயர்வுச் சட்டம் போட்ட பிறகு, தொழிலாளர் நலனைக் கவனிக்க இந்திய அரசின் ஏஜென்ட் ஒருவர் மலாயாவில் அமர்ந்தார் (இந்த ஏஜென்ட் வேறு). அந்த அழுத்தத்தில், அரிசி பருப்பு துணிமணி எல்லாம் கணக்குப் போட்டு 1920களின் பிற்பகுதியில் ஸ்டாண்டர்ட் கூலி நிர்ணயமானது. நாளுக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40. சாமான் போய்ச் சேரச் செலவு கூடும் பஹாங் உட்பகுதிகளில் 58, 46. இதற்குக் கீழே போகக்கூடாது என்பதுதான் எண்ணம். நடந்தது என்னவென்றால், யாரும் இதற்கு மேலேயும் போகவில்லை. தரையாகப் போட்டது கூரையாகிவிட்டது. எல்லாத் தோட்டமும் ஒரே விலை கொடுத்தால் ஒரு மாத நோட்டீஸை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கேமரன் மலையில் இது இன்னும் மோசம். 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல், இலங்கையில் தேயிலை வளர்த்த அனுபவமுள்ள ஏ.பி. மில்னோடு சேர்ந்து போ தோட்டத்தைத் தொடங்கினார். (ஆமாம், இவரும் ரஸ்ஸல்தான்.) 1933இல் பாரத் வந்தது. சிலாங்கூர் ரப்பர் தோட்டத்தில் வேலி தாண்டினால் அடுத்த முதலாளி. இங்கே தோட்டங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, சுற்றிலும் காடு, இறங்குவதற்குத் தாப்பா போகும் வளைந்து வளைந்து செல்லும் ஒரே சாலை. வேலையை விட்டால் லயத்து வீடும் போகும், பிள்ளையின் பள்ளிக்கூடமும் போகும், கோயில் திருவிழாவில் இருந்த இடமும் போகும். கங்காணி கிளம்பினால்தான் கூட்டம் கிளம்பும் என்று பாட்டி சொன்னதை நான் வெகுநாள் அடிமைப் புத்தி என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. தனி ஆளுக்குப் பேரம் பேச எதுவும் இல்லாத இடத்தில் இருபது பேராகக் கிளம்புவது ஒன்றுதான் பேரம். கங்காணிக்கும், வேலைக்கு வரும் ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று தலைக்காசு கிடைத்ததால், கூட்டம் உடையாமல் பார்த்துக்கொள்வதில் லாபம் இருந்தது.

நோட்டீஸ் இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி என்பது 1930இல் தெரிந்தது. ரப்பர் விலை விழுந்தது. கூலி 40க்கும் 32க்கும் இறங்கியது, பிறகு அதற்கும் கீழே போனது. 1930 முதல் 1932 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். எந்தச் சட்டமும் மீறப்படவில்லை. 1936 கடைசியில் சீனிவாச சாஸ்திரி வந்து பார்த்து, 50, 40ஐத் திருப்பிக் கொடுங்கள் என்று அறிக்கை எழுதினார். கொடுத்தார்கள். அடுத்த வருஷமே, 1938இல், மறுபடி ஐந்து காசு குறைத்தார்கள். இந்தியா பொறுக்கவில்லை, அந்த ஜூனில் உதவியோடு ஆளெடுத்து அனுப்புவதை நிறுத்தியது. கங்காணி முறையின் கதை அத்தோடு முடிந்தது.

இந்த முப்பது வருஷக் கதையில் பேசியவர்கள் துரைமார், அதிகாரிகள், ஏஜென்ட், சாஸ்திரி. வெளிக்காட்டில் நின்றவர் ஒருவர்கூட மேசையில் இல்லை. என்பிஏ உச்சவரம்பும் முதலாளிகளுக்கு வசதியான ஏற்பாடுதான், நான் அதன் ரசிகன் இல்லை. ஆனால் அது 1983இல் சங்கத்தோடு உட்கார்ந்து பேசி வந்தது. வரம்புக்கு விலையாக வருமானத்தில் 53 சதவீதம் ஆட்டக்காரர்களுக்கு என்று எழுதி வாங்கினார்கள். 1984-85இல் ஓர் அணிக்கு 3.6 மில்லியன் டாலராக இருந்த வரம்பு, 2024-25இல் 140 மில்லியனைத் தாண்டியது. வருமானம் ஏற ஏறக் கூரையும் ஏறியது. மலாயாவில் ரப்பர் விலை ஏறினால் கூலி யோசித்து யோசித்து ஏறும், இறங்கினால் உடனே இறங்கும். தோட்டத் தொழிலாளர்களுக்கென்று தேசியச் சங்கம் உருவாக 1954 ஆனது.

இன்று கேமரனில் கொழுந்து பறிப்பவர்களில் தமிழர்கள் குறைவு. எங்கள் குடும்பமும் இறங்கி வந்து ஈப்போவில் இருக்கிறது. பங்களாதேஷ், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள்தான் இரண்டு பேராக மெஷினைப் பிடித்துக்கொண்டு சரிவில் நடக்கிறார்கள். போன வருஷம் ஒரு தோட்டத்தின் ஓரத்தில், ஓய்வு நேரத்தில் போனில் கூடைப்பந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு நேப்பாளி இளைஞரோடு பேசினேன். பிடிக்கவில்லை என்றால் வேறு தோட்டத்துக்குப் போகலாமே என்று மலாயில் கேட்டேன். சிரித்தார். பெர்மிட்டில் முதலாளி பெயர்தான் இருக்கிறது என்றார். கிளம்பினால் பெர்மிட் செல்லாது, பெர்மிட் இல்லாமல் பிடிபட்டால் லாக்கப். வருவதற்கு ஊரில் வாங்கிய கடனில் பாதி இன்னும் நிற்கிறதாம். புதுப்பிக்கும் தேதி நெருங்குகிறது, அதையும் முதலாளிதான் செய்யவேண்டும். யாருடைய ஆட்டம் பார்க்கிறாய் என்று கேட்டதற்கு வாரியர்ஸ் என்றார்.