ஓய்வுபெற்றே பிறந்தவர்

துப்பறிபவர் ஹெர்க்யூல் பாய்ரோ கதைக்குள் நுழைந்ததே பென்ஷன்காரராகத்தான்.

முதல் உலகப் போர் நேரம். இங்கிலாந்தின் தென்மேற்குக் கடலோர ஊரான டார்க்கீயில், மருத்துவமனை ஒன்றின் மருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தார், அவரைப் படைத்த அகதா கிறிஸ்டி. சுற்றிலும் விஷப் புட்டிகள்; விஷக்கொலைக் கதை எழுதலாம் என்று அங்கேதான் தோன்றியது. துப்பறிய ஆள் வேண்டுமே? ஷெர்லக் ஹோம்ஸ் சாயலில் இன்னொருவர் கூடாது. ஜெர்மன் படைக்குத் தப்பிவந்த பெல்ஜிய அகதிகள் ஊரில் இருந்தார்கள். அவர்களில் ஒரு பழைய போலீஸ்காரர் இருந்தால்? அப்படித்தான் பாய்ரோ பிறந்தார். பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய அந்த நாவல் 1920இல் அச்சேறியது. இத்தனை வயதானவராகவா படைப்பேன் என்று கிறிஸ்டி பின்னாளில் நொந்துகொண்டார். கதைகள் நீண்டுகொண்டே போக, கணக்குப் பார்த்தால் பாய்ரோ நூறைத் தாண்டிவிடுகிறார்!

எனக்கென்னவோ, அவர் பதவியில் இருந்திருந்தால் 1942இல் வந்த ‘ஃபைவ் லிட்டில் பிக்ஸ்’ நாவலே இல்லை என்று தோன்றுகிறது. அமியாஸ் கிரேல் என்ற ஓவியர், தோட்டத்தில் ஓர் இளம்பெண்ணை வரைந்துகொண்டிருக்கையில் சாகிறார். பீரில் கோனைன், சாக்ரடீஸ் குடித்த ஹெம்லாக் செடியின் விஷம். கைகால் செயலிழக்கும், புத்தி தெளிவாகவே இருக்கும். ஓவியத்தை வெறித்தபடி சாய்ந்து கிடந்தவரை, வேலையில் லயித்திருக்கிறார் என்றே நினைத்தார்கள். பழி மனைவிமேல் விழுந்தது. அவள் சிறையிலேயே இறந்தாள். பதினாறு ஆண்டு கழித்து மகள் பாய்ரோவைத் தேடி வருகிறாள்.

தடயம் எதுவும் மிச்சமில்லை. யாரையும் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லும் அதிகாரமும் இல்லை. அன்று அங்கிருந்த ஐந்து பேரையும் தேடிப்போய், நினைவில் உள்ளதை எழுதித் தாருங்கள் என்கிறார். தருகிறார்கள்! பணியிலுள்ள இன்ஸ்பெக்டர் கேட்டால் வக்கீலைத்தான் கூப்பிட்டிருப்பார்கள். இன்னொரு சாட்சி, அந்த ஓவியமே. அது என்ன சொன்னது என்று இங்கே உடைப்பது பாவம்.

ஓவியர் செத்த இடத்துக்கு முன்மாதிரி, 1938இல் கிறிஸ்டி வாங்கிய கிரீன்வே வீட்டுத் தோட்டம். டார்ட் ஆற்றைப் பார்த்த பழைய பீரங்கி மேடை அது. இரண்டாம் போரில் அமெரிக்கக் கடலோரக் காவல் படையினர் அந்த வீட்டில் தங்கினார்கள். அவர்களில் ஒருவர் நூலகச் சுவரில் ஓவியம் தீட்டிவிட்டுப் போனார். கிறிஸ்டி அதை அழிக்கவிடவில்லை.

பாய்ரோமேல் கிறிஸ்டிக்கு அந்தக் கருணை இல்லை. 1960இல் இதே கதையை நாடகமாக்கியபோது அவரைத் தூக்கிவிட்டு, ஓர் இளம் வக்கீலைப் போட்டார்.