பாலத்துக்கு அடியில் ஒரு வாத்து

1945 ஏப்ரல். அமெரிக்காவின் மில்வாக்கி நகரம். விஸ்கான்சின் அவென்யூ பாலத்துக்குக் கீழே, ஆற்றில் உளுத்துப்போன ஒரு மரத்தூண். அதன் உச்சியில ஒரு காட்டு வாத்து முட்டை போட்டு அடைகாக்க உட்கார்ந்துடுச்சு. நல்ல இடம்தான், சுத்தித் தண்ணி, பூனை வராது!

பத்திரிகைகளில் கெர்ட்டி என்ற பேரோடு அது நாடு முழுக்கப் பிரபலம். ஜெர்மானிய வம்சாவளியினர் நிறைய வாழுற ஊர் அது. மே மாதம் ஜெர்மனி சரணடைஞ்சது. ஜப்பானோட போர் இன்னும் முடியல. பிள்ளைகளைப் போர்முனைக்கு அனுப்பிட்டுக் காத்திருந்த ஊர், பாலத்துக் கைப்பிடியில சாய்ஞ்சு முட்டை பொரியறதுக்கும் காத்திருந்தது. வெறும் வேடிக்கைன்னு இதை ஒதுக்க எனக்கு மனசு வரல.

ஆறு குஞ்சுகள் பொரித்தன. புயலில் ஆற்றில் விழுந்தவற்றை மீட்டு, தாயோடு கிம்பல்ஸ் கடையின் கண்ணாடி ஜன்னலில் வெச்சாங்க. பிறகு மிச்சிகன் ஏரிக்கரைப் பூங்காவுக்குக் கொண்டுபோய் விட்டாங்க.