வேளைக்கீரையும் ஒரு ராத்தல் தானியமும்

கூடுவாஞ்சேரி ஸ்டேஷனுக்கு வெளியே சாயங்காலம் கீரைக்கட்டு வாங்குபவர்களில் வேலை முடிந்து மின்சார ரயிலில் வந்து இறங்கும் பெண்களே அதிகம். கறி, மீன், முட்டையை நிறுத்திவிட்டு, உடம்புக்கு நல்லது என்று காய், கீரை, தானியத்தோடு மட்டும் இருக்க முடிவுசெய்த தோழிகள் எனக்கும் உண்டு. அவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் இந்தச் சாப்பாடு நம் பெண்களுக்குப் புதிதல்ல. நெடுங்காலமாக அதை வேறு யாரோ அளந்து போட்டார்கள்.

புறநானூற்றின் 246ஆம் பாட்டு, பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு பாடியது. கணவனின் சிதையில் ஏறப் போகிறவளைச் சான்றோர் தடுக்கிறார்கள். அவள் பதிலில் கைம்பெண்ணின் முழுச் சாப்பாடும் இருக்கிறது: நெய் படாத பிழிந்த சோறு, எள் துவையல், புளி விட்டு வேகவைத்த வேளைக்கீரை. இதைத் தின்று பருக்கைக்கல்மேல் படுப்பதற்குத் தீயே மேல் என்கிறாள். ஒக்கூர் மாசாத்தனாரின் 248ஆம் பாட்டில் வருபவளுக்கு, இளமையில் தழையாடையாக இருந்த அல்லியே கணவன் போனபின் உணவாகிறது. அதுவும் வேளை தப்பி. எள்ளும் கீரையும் சத்தானவை என்று இன்றைக்கு எந்த மருத்துவரும் சொல்வார். அவளிடமிருந்து பிடுங்கப்பட்டவை நெய்யும், பசித்த நேரத்தில் உண்ணும் உரிமையும்.

அளந்து போடுவதை அரசாங்கமும் செய்திருக்கிறது. 1877 ஜனவரியில், தாது வருஷப் பஞ்சத்தின் நடுவே, சென்னை மாகாணத்துக்கு வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலைக்குக் கூலி நிர்ணயித்தார். நாள் முழுக்க உழைக்கும் ஆணுக்கு ஒரு ராத்தல், அதாவது சுமார் 450 கிராம் தானியம், கூட ஓரணா. பெண்ணுக்கு அதிலும் குறைவு. (வேலையின் வெயில் இருவருக்கும் ஒன்றுதான்.) மாகாணத்தின் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ் இதை எதிர்த்து வாதாடினார். ஒன்றரை ராத்தலாவது தானியம் வேண்டும், காய்கறியும் புரதமும் சேர வேண்டும் என்றார். மார்ச்சில் தானியம் 570 கிராமாக உயர்ந்தது, 53 கிராம் பருப்பும் சேர்ந்தது. அரிசியும் இலையும் மட்டும் உடம்பைத் தாங்காது என்பதற்கு அதற்குள் எத்தனையோ பேர் சாட்சியாகிவிட்டிருந்தார்கள். அந்தப் பஞ்ச காலத்தில்தான் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து பக்கிங்காம் கால்வாயில் 8 கிலோமீட்டர் தோண்டப்பட்டது. அதே கால்வாய் மாமல்லபுரத்தை ஒட்டி ஓடுகிறது. சுற்றுலா போகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போகிறோம்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கீரையில் இரும்புச்சத்து இருந்தாலும் அதில் கொஞ்சம்தான் உடம்பில் சேரும். எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூட இருந்தால் அதிகம் சேரும், சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் குறையும். பி12 தாவர உணவில் கிடைக்காது. பாலையும் விட்டவர்கள் மாத்திரையாகத்தான் எடுக்க வேண்டும்.

என் பாட்டி கடைசியாகத்தான் சாப்பிடுவார். அதற்குள் பருப்பு தீர்ந்திருக்கும். கேட்டால், "எனக்குக் கீரைதான்டி பிடிக்கும்" என்பார். நானும் வெகுகாலம் அதை நம்பினேன். கூடுவாஞ்சேரித் தோழி ஒருத்தி, கீரையோடு கைநிறையப் பாசிப்பயறும் போட்டு வேகவைத்து, தன் பங்கை முதலில் எடுத்து வைத்துவிடுகிறாள். முதல் வாரம் வீட்டில் யாரும் அவளோடு சரியாகப் பேசவில்லையாம்.