தன்வரலாற்று இலக்கியத்தில் பெற்றோர் கண்டிப்பு

எழுத்தாளர்கள் தங்கள் குழந்தைப் பருவத்தை நினைவுகூரும் நூல்களில் அடியும் அதட்டலும் திரும்பத் திரும்ப வருகின்றன. 19, 20ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த புகழ்பெற்ற தன்வரலாறுகள் சில, வீட்டுக் கண்டிப்பையே மையமாகக் கொண்டவை. அவற்றைச் சேர்த்துப் படித்தால் ஒன்று புலப்படும்: உடம்பில் பட்ட வலி ஆறிவிடுகிறது, தனக்கு ஏன் இப்படி நடந்தது என்று விளங்காத தவிப்பு ஆறுவதில்லை.

இவற்றில் பரவலாக வாசிக்கப்பட்டது மக்சீம் கார்க்கியின் 'எனது குழந்தைப் பருவம்' (1913–14). தந்தை காலராவில் இறந்தபின், சிறுவன் அலெக்சி (கார்க்கியேதான்) வோல்கா கரையிலுள்ள நிழ்னி நோவ்கொரத் நகரில், சாயப்பட்டறை முதலாளியான தாத்தா வசீலி காஷிரின் வீட்டில் வளர்கிறான். அந்த வாரம் செய்த குற்றங்களுக்காகப் பிள்ளைகளைச் சனிக்கிழமைதோறும் மிலாறால் விளாசுவது தாத்தாவின் வழக்கம். துணி நிறம் மாறும் விந்தையில் மயங்கிய அலெக்சி, விசேஷ நாளில் விரிக்கும் வெள்ளை மேசைவிரிப்பைச் சாயத்தில் முக்கிவிடுகிறான். நினைவு தப்பும்வரை அடி விழுகிறது. பட்டறைப் பையன் இவான் தன் கையைக் குறுக்கே நீட்டிச் சில அடிகளை வாங்கிக்கொள்கிறான். காய்ச்சலில் கிடக்கும் பேரன் பக்கத்தில் தாத்தாவே பிறகு வந்து உட்கார்ந்து, வோல்காவில் படகு இழுக்கும் கூலியாகத் தான் பட்ட பாட்டையும் வாங்கிய அடிகளையும் சொல்கிறார். அடித்தவரும் அடிபட்டு வளர்ந்தவர்தான் என்பதைக் கார்க்கி மறைக்கவில்லை. அதற்காக அவரை மன்னித்துவிடவும் இல்லை.

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட்டின் 'பிளாக் பாய்' (1945), மிசிசிப்பியில் நான்கு வயதுச் சிறுவன் திரைச்சீலையில் தீ வைத்து வீட்டையே எரித்துவிடுவதில் தொடங்குகிறது. தாய் அவனை மயங்கி விழும்வரை அடிக்கிறார். ரைட் 1937இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று இன்னும் கொடிய நிகழ்வைச் சொல்கிறது. வெள்ளையினச் சிறுவர்களோடு சண்டையிட்டுக் காயத்துடன் திரும்பியவனுக்கு ஆறுதல் கிடைக்கவில்லை; தாயிடமும் அடிதான் கிடைத்தது. வெள்ளையரை எதிர்த்தால் பிள்ளை உயிர் தப்பாது என்று அவர் அஞ்சினார். நிறவெறிச் சமூகத்தின் வன்முறை தாயின் கைவழியாக வீட்டுக்குள் நுழைந்த இடம் அது.

கைநீட்டாமலும் கண்டிப்பு கடுமையாக இருக்க முடியும். ஆங்கிலச் சிந்தனையாளர் ஜான் ஸ்டூவர்ட் மில், தந்தை ஜேம்ஸ் மில்லிடம் மூன்று வயதில் கிரேக்கமும் எட்டு வயதில் லத்தீனும் கற்கத் தொடங்கினார். மற்றச் சிறுவர்களோடு பழக விடப்படவில்லை. 20 வயதில் மனம் முற்றிலும் சோர்ந்து போனதை அவர் 'சுயசரிதை'யில் (1873) விரிவாக எழுதியிருக்கிறார். அன்பில்லாமல் அச்சத்தில் வளர்ந்ததாகத் தொடக்கக்கால வரைவில் இருந்த வாசகத்தைப் பின்னர் நீக்கிவிட்டார்.

பிராகாவில் வாழ்ந்த ஃபிரான்ஸ் காஃப்கா 1919 நவம்பரில் தந்தை ஹெர்மனுக்கு எழுதிய நீண்ட கடிதம் இவ்வகையில் தனித்து நிற்கிறது. ஓர் இரவு தண்ணீர் கேட்டு அழுத குழந்தையைத் தந்தை தூக்கிச் சென்று, இரவு உடையோடு வெளித் தாழ்வாரத்தில் நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டார். அந்தத் தண்டனை தன்னை ஒன்றுமில்லாதவனாக உணரச் செய்தது என்கிறார் காஃப்கா. தந்தை அவரை அடித்தது மிக அரிது. ஆனால் கால்சட்டை வாரைக் கழற்றி நாற்காலியில் தயாராகப் போடுவதே அடியைவிட மோசமாக இருந்தது. கடிதம் தந்தையின் கைக்குப் போய்ச் சேரவேயில்லை.

இந்நூல்களை நீதிமன்ற வாக்குமூலமாகக் கொள்ள முடியாது. பெரியவரான பின் எழுதிய நினைவுகள் இவை. எதிர்த்தரப்பின் குரல் இவற்றில் குறைவு. தன் கடிதத்தில் வழக்கறிஞரின் வாதத் தந்திரங்கள் உண்டு என்று காஃப்காவே தோழி மிலேனாவிடம் ஒப்புக்கொண்டார். ஆனாலும் ஒரு குழந்தை தண்டனையை எப்படி உள்வாங்குகிறது என்பதற்கு இவற்றை விட நுட்பமான சான்று வேறு எளிதில் கிடைக்காது.

இவர்கள் எழுதிய காலத்தில், பெற்றோர் பிள்ளைகளை அடிப்பதை எந்த நாட்டுச் சட்டமும் முற்றாகத் தடை செய்திருக்கவில்லை. 1979இல் ஸ்வீடன்தான் உலகிலேயே முதலாவதாக அந்தத் தடையைக் கொண்டுவந்தது.