மிமாலேண்ட்: எழுச்சியும் வீழ்ச்சியும்



கல்விச் சுற்றுலா என்றதும் நம் மாணவர்கள் சன்வே லகூன், கெந்திங் மலை என்று பெயர்களை அடுக்குவர். அவர்களுடைய தாத்தா பாட்டியரைக் கேட்டால், மிமாலேண்ட் என்ற பெயரும் வரக்கூடும். மலேசியாவைச் சிற்றுருவில் காட்டும் நிலம் என்பதே அப்பெயரின் விரிவு.

சிலாங்கூர் மாநிலத்தின் கோம்பாக்கில், கோலாலம்பூரிலிருந்து பெந்தோங் செல்லும் பழைய சாலையோரம், காடு சூழ்ந்த மலைச்சரிவில் ஏறத்தாழ 300 ஏக்கரில் 1970களில் இப்பூங்கா எழுந்தது. நம் நாட்டுக் கேளிக்கைப் பூங்காக்களுக்கு இதுவே முன்னோடி எனலாம். மலைநீர் நிரம்பிய பெரிய நீச்சல் குளம், உயர்ந்த சறுக்கு, படகோட்டவும் மீன் பிடிக்கவும் ஏரி, தங்கும் குடில்கள் ஆகியவை அங்கு இருந்தன. பிள்ளைகளை மிகவும் கவர்ந்தவை டைனோசர் சிலைகளே. ‘ஜுராசிக் பார்க்’ திரைப்படம் 1993இல் வெளிவருவதற்கு முன்பே நம் பிள்ளைகள் அவற்றின் காலடியில் நின்று படம் எடுத்துக்கொண்டனர்.

எந்த மலைச்சரிவு அழகைத் தந்ததோ, அதுவே பின்னர் ஆபத்தாகவும் மாறியது. உயிரிழப்பு விபத்தும் நிலச்சரிவும் பாதுகாப்பைக் கேள்விக்குறியாக்கின. 1993 டிசம்பர் 11ஆம் நாள் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிக் கட்டடம் சரிந்து 48 பேர் மாண்டதை நாடே மறக்கவில்லை. மலைச்சரிவுக் கட்டுமானங்கள் மீது அச்சம் படர்ந்த அக்காலத்தில், 1994இல், மிமாலேண்ட் மூடப்பட்டது. அதற்குள் பழைய ஈயச் சுரங்க நிலத்தில் சன்வே லகூன் எழுந்துவிட்டது. மக்கள் கூட்டம் புதிய இடங்களை நாடியது. கைவிடப்பட்ட குளத்தையும் சிலைகளையும் காடு மெல்ல மூடிக்கொண்டது.

பாடாங் மேஹாவில் இருக்கும் நமக்கு இக்கதை எதற்கு எனக் கேட்கலாம். என் நோக்கில் இரண்டு பாடங்கள் உள்ளன. முதலாவது, பாதுகாப்பு. பேருந்துக் கட்டணத்தையும் நுழைவுக் கட்டணத்தையும் கணக்கிடும் நாம், பிள்ளைகள் இறங்கப்போகும் நீரின் ஆழத்தையும் அங்குள்ள உயிர்காப்பாளர்களின் எண்ணிக்கையையும் அதே கவனத்துடன் கேட்டறிகிறோமா?

இரண்டாவது, பராமரிப்பு. கேளிக்கைப் பூங்கா அழிந்தால் மற்றொன்று கட்டலாம். ஆனால், நம் கெடா மாநிலத்தின் பூஜாங் பள்ளத்தாக்கில், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டதாகக் கருதப்பட்ட 11ஆம் எண் சண்டி, நில மேம்பாட்டுப் பணிக்காக 2013இல் இடிக்கப்பட்டதே! அதை யார் திரும்பக் கட்டுவது? பார்ப்பாரும் கேட்பாரும் இல்லாத இடம், பழமையானதாயினும் புதியதாயினும், நிலைப்பதில்லை.

ஆகவே, அடுத்த சுற்றுலாவுக்குத் தொலைதூரப் பூங்காவைத் தேர்ந்தெடுக்கும் முன், மெர்போக்கிலுள்ள தொல்பொருள் அருங்காட்சியகத்தையும் புக்கிட் பத்து பஹாட் சண்டியையும் எண்ணிப் பாருங்கள். திரும்பி வந்தபின் மாணவர்களை ஒரு பக்கமேனும் எழுதச் சொல்லுங்கள். பிள்ளைகள் அறிந்த இடத்தை ஊர் அவ்வளவு எளிதில் மறந்துவிடாது.