தேன் வைத்துச் சுட்ட ஆப்பிள்

பெலாரூஸ் நாட்டுக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாகச் செய்யப்பட்டுவரும் ஒரு தின்பண்டத்தைப் பற்றி இங்கே சிறிது சிந்திக்க விழைகிறோம். செய்முறை மிக எளிது. புளிப்புச் சுவை மிக்க ஆப்பிளைக் காம்புப் பக்கத்தில் குடைந்து, விதைகளை நீக்கி, அடிப்பக்கம் ஓட்டையாகாமல் பார்த்துக்கொண்டு, அக்குழியில் ஒரு கரண்டித் தேன் விடுவார்கள். தோலை ஓரிரு இடங்களில் கீறி வைப்பார்கள். இல்லையேல் உள்ளே எழும் ஆவியால் பழம் வெடித்துவிடும். தட்டில் சிறிது நீர் ஊற்றி அடுப்பினுள் வைத்தால், அரைமணி நேர அளவில் சதை குழைந்து தேன் அதனுள் இறங்கிவிடும். நம் கடைகளில் கிடைக்கும் இனிப்பு ஆப்பிளைக் கொண்டு இதன் சுவையை எடைபோடலாகாது. புளிப்பு இருந்தால்தான் தேனுக்கு அங்கே வேலை உண்டு.

இவ்வளவு எளிய பண்டத்தின் பின்னால் ஐந்நூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. பழங்காலத்தில் அம்மக்கள் தேனீக்களைப் பெட்டியில் வளர்க்கவில்லை. காட்டில் உயிரோடு நிற்கும் முதிர்ந்த பைன் மரத்திலோ ஓக் மரத்திலோ உயரத்தில் ஒரு பொந்தைச் செதுக்கிவிட்டு, தேனீக்கள் குடியேறும் வரை காத்திருந்தார்கள். மரத்தின் அடியில் உரிமையாளரின் குறி வெட்டப்பட்டிருக்கும். கயிற்றின் துணையால் ஏறித் தேனடைகளை அறுத்தெடுப்பார்கள். குளிர்காலத்தைத் தேனீக்கள் கழிப்பதற்கு வேண்டியதை விட்டுவைப்பார்கள். அந்நாளில் லித்துவேனியப் பெருநாட்டில் அடங்கியிருந்தது பெலாரூஸ். அங்கே 1529, 1566, 1588 ஆகிய ஆண்டுகளில் இயற்றப்பெற்ற சட்டத்தொகுப்புகள் இத்தேனீ மரங்களுக்குப் பாதுகாப்பு அளித்தன. தேனோடு மெழுகும் பெரும் வாணிபப் பொருளாயிற்று. போலாத்ஸ்க் நகரத்து மெழுகு த்வினா ஆற்றின் வழியே ரீகா துறைமுகத்தை அடைந்து, மேற்கு ஐரோப்பாவுக்குச் சென்றது. அந்நாளைய ஆலயப் பீடங்களில் எரிந்த மெழுகுதிரிகளுள் எத்தனை இக்காட்டுத் தேனீக்களின் உழைப்போ! போலந்திலும் பெலாரூசிலும் பேணப்படும் இம்மரத் தேனீ வளர்ப்பை 2020-ஆம் ஆண்டு யுனெஸ்கோ தனது மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது.

ஆகஸ்டு 14-ஆம் நாள் அங்குள்ள ஆர்த்தடாக்ஸ் ஆலயங்களில் புதுத் தேன் மந்திரிக்கப்படுகிறது. ஐந்து நாள் கழித்து, 19-ஆம் நாள், ஆண்டவரின் தோற்றமாற்ற விழாவன்று ஆப்பிள்கள் மந்திரிக்கப்படுகின்றன. மக்கள் இவற்றைத் ‘தேன் மீட்பர்’, ‘ஆப்பிள் மீட்பர்’ என்று அன்போடு அழைக்கிறார்கள். நாம் ஆகஸ்டு 6-இல் கொண்டாடும் அதே விழாதான் இரண்டாவது. பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றுவதால் 13 நாள் பிந்தி வருகிறது. கிரேக்க நாட்டில் இந்நாளில் திராட்சையை மந்திரிப்பது வழக்கம். திராட்சை விளையாத வடநாட்டில் அதன் இடத்தை ஆப்பிள் பெற்றது.

அந்நாள் வரும்வரை புது ஆப்பிளை உண்பதில்லை என்பது மரபு. புதிதாக நட்ட மரத்தின் கனியை மூன்றாண்டு உண்ணாதிருந்து, நான்காம் ஆண்டின் கனியை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்குமாறு லேவியர் நூல் பணிப்பதை வாசகர்கள் அறிவார்கள். ஆனால் இவ்வூர்களில் இந்நோன்பை மிகக் கண்டிப்பாகக் காப்பவர்கள், குழந்தையைப் பறிகொடுத்த தாய்மாரே. இவ்விழாவன்று மறுவுலகில் குழந்தைகளுக்கு ஆப்பிள் வழங்கப்படும் என்றும், தாய் முன்னதாகவே உண்டுவிட்டால் அவள் குழந்தைக்கு மட்டும் பழம் கிடைக்காது என்றும் ஒரு நம்பிக்கை அங்கே உண்டு. இது திருச்சபையின் போதனை அன்று. அதைச் சுட்டிக்காட்டி ஒரு தாயைத் திருத்த முற்படும் துணிவு நமக்கு இல்லை.

மந்திரித்த ஆப்பிளும் புதுத் தேனும் வீடு வந்த பின்னர் அடுப்பின் முறை வருகிறது. ‘பேச்’ எனப்படும் அவ்வடுப்பு செங்கல்லும் களிமண்ணும் கொண்டு வீட்டினுள் பேருருவாய் எழுப்பப்பட்டது. காலையில் விறகெரித்துத் தணலை ஒதுக்கிவிட்டு முதலில் ரொட்டி சுடுவார்கள். பின்பு மெல்லத் தணியும் சூட்டில் ஆப்பிள் வேகும். இரவில் முதியோரும் சிறுவரும் அதன் மேலேயே படுத்துறங்குவார்கள். மர வீடு தீப்பற்றினாலும் இவ்வடுப்பும் புகைபோக்கியும் எளிதில் அழிவதில்லை. இரண்டாம் உலகப் போரில் அந்நாடு இதைக் கண்கூடாகக் கண்டது.

1943 மார்ச் 22 அன்று நாத்சிப் படையினரும் அவர்களுடைய துணைப்படையினரும் கத்தீன் என்னும் சிற்றூரின் மக்களை ஒரு களஞ்சியத்தில் அடைத்துத் தீயிட்டார்கள். 149 பேர் மாண்டார்கள். அவர்களுள் 75 பேர் குழந்தைகள். (1940-இல் போலந்து அதிகாரிகள் கொல்லப்பட்ட காட்டின் பெயரும் ஏறத்தாழ இதுபோலவே ஒலிக்கும், அது வேறு, இது வேறு.) உயிர் தப்பிய கொல்லர் யோசிஃப் காமின்ஸ்கி தம் மகனைச் சாகும் நிலையில் கண்டெடுத்தார். மகனைக் கைகளில் ஏந்தி நிற்கும் அவருடைய சிலை, 1969-இல் திறக்கப்பட்ட நினைவிடத்தில் நிற்கிறது. அவ்வூரில் எரிந்த 26 வீடுகளுக்கு அடையாளமாக அங்கே 26 புகைபோக்கித் தூண்கள். ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு மணி. அரை நிமிடத்துக்கு ஒருமுறை அவை ஒலிக்கின்றன. அவ்வாண்டு ஆகஸ்டில் ஆப்பிளை ஆலயத்துக்கு எடுத்துச்செல்ல அவ்வூரில் வீடு எதுவும் இல்லை.

போருக்குப் பின் வந்த வரியும் கொடியதே. சோவியத் வேளாண் வரிக்கணக்கில் வீட்டுத் தோட்டத்துக் கனிமரங்களும் தேன்கூடுகளும் வருமானமாகச் சேர்க்கப்பட்டன. வரிக்கு அஞ்சித் தம் கையாலேயே மரங்களை வெட்டியவர் பலர். 1953-இல் வரிமுறை மாற்றப்பட்ட பின்னரே அந்நிலை தணிந்தது.

பின்னர் 1986 ஏப்ரல் 26 வந்தது. செர்னோபில் அணுவுலை இருப்பது உக்ரைனில். ஆனால் காற்று வடக்கு நோக்கி வீசிற்று. பெலாரூஸ் நிலப்பரப்பில் 23 விழுக்காட்டளவு சீசியம்-137 படிந்து மாசுற்றது. தென்பகுதி ஊர்கள் காலி செய்யப்பட்டன. 1988-இல் அங்கே பலேசிய கதிரியக்கக் காப்பகம் அமைந்தது. சீசியம் பாதியாகக் குறையவே 30 ஆண்டுகள் ஆகின்றன. முன்னோர் ஒரு விழாவுக்காகச் சில வாரம் உண்ணாமல் காத்திருந்தார்கள்; பேரர்களின் காத்திருப்புக்கு நாள் குறிக்க எவராலும் இயலவில்லை.

பாஸ்காவுக்கு ஒன்பதாம் நாள், இறந்தோரை நினைவுகூரும் ‘ராதுனித்சா’ அன்று, ஊரை விட்டுச் சென்றவர்கள் தம் கல்லறைகளைக் காண அங்கே அனுமதிக்கப்படுவது வழக்கம். பாஸ்கா பிந்தி வரும் ஆண்டுகளில் அந்நேரம் ஆப்பிள் மரங்கள் பூத்திருக்கும். கல்லறையில் உணவு வைத்து, செபித்து, மாலைக்குள் திரும்பிவிடுகிறார்கள். ஆகஸ்டில் அம்மரங்கள் பழுத்து உதிர்க்கும் கனிகளைக் காட்டுப்பன்றிகள் வந்து தின்றுபோகின்றன.