யோக முறைகள்

யோகம் உடல், மூச்சு, மனம் மூன்றையும் பயிற்சியால் ஒருமைப்படுத்தும் இந்திய மரபு. இன்று பல பெயர்களில் கற்பிக்கப்படும் முறைகளில் பெரும்பாலானவை பதஞ்சலியின் இராஜயோகத்தையும் நாத சித்தர்கள் வளர்த்த அடயோகத்தையும் மூலமாகக் கொண்டவை.

பொது ஆண்டின் தொடக்க நூற்றாண்டுகளைச் சேர்ந்த பதஞ்சலியின் யோக சூத்திரம் நான்கு பாதங்களில் ஏறத்தாழ 195 சூத்திரங்கள் உடையது. இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என எட்டு உறுப்புகளை அது வகுக்கிறது. இவற்றுள் ஆசனத்துக்கு நேராக உரியவை மூன்று சூத்திரங்களே. அசைவின்றி இதமாக அமர்ந்திருப்பதையே அவை ஆசனம் என்கின்றன. உடலை வளைக்கும் நிலைகள் எதையும் அவை சொல்லவில்லை. தமிழில் இவ்வெட்டு உறுப்புகளையும் திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் பாடியுள்ளார்.

உடற்பயிற்சிக்கு இடம் தந்தது அடயோகம். 15ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் இயற்றிய அடயோகப் பிரதீபிகை 15 ஆசனங்களையும், பின்னர் எழுந்த கேரண்ட சம்ஹிதை 32 ஆசனங்களையும் விளக்குகின்றன. உடல் தூய்மைக்கான கிரியைகள், முத்திரைகள், பந்தங்கள் ஆகியவையும் இவற்றில் உண்டு. ஆயினும் அடயோகம் இராஜயோகத்துக்கு ஏறும் படி என்பதே பிரதீபிகையின் கொள்கை. ஆசனத்தை மட்டும் யோகம் என்று கொள்வது பிற்கால வழக்கம்.

தற்கால முறைகளில் முதன்மையானவை மைசூரிலிருந்து கிளைத்தவை. 1930களில் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் அங்கு ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்தினார். அவரிடம் பயின்ற பட்டாபி ஜோய்ஸ், மூச்சோடு இணைந்து ஆசனங்கள் இடைவிடாமல் தொடரும் அஷ்டாங்க வின்யாச முறையைப் பரப்பினார். புணேயில் அவருடைய மற்றொரு மாணவர் பி.கே.எஸ். அய்யங்கார் ஒவ்வொரு நிலையின் நுணுக்கத்தையும் வலியுறுத்தி, நாற்காலி, பட்டை, மரக்கட்டை ஆகியவற்றைத் துணைக்கருவிகளாக்கினார். முதியோருக்கும் நோயுற்றோருக்கும் யோகத்தை எட்டச் செய்த பெருந்தொண்டு இது. கிருஷ்ணமாச்சாரியாரின் மகன் தேசிகாச்சார் 1976இல் சென்னையில் நிறுவிய கிருஷ்ணமாச்சாரிய யோக மந்திரம், பயிற்சியை அவரவர் உடல்நிலைக்கேற்ப அமைக்கிறது.

ரிஷிகேசத்தில் தெய்வ நெறிக் கழகத்தை நிறுவிய பத்தமடை சுவாமி சிவானந்தரின் மரபு வேறு. அவருடைய சீடர் விஷ்ணுதேவானந்தர் 12 அடிப்படை ஆசனங்களைக் கொண்ட சிவானந்த யோகத்தை வெளிநாடுகளில் பரப்பினார்.

வெப்பமூட்டிய அறையில் 26 ஆசனங்கள் செய்யும் பிக்ரம் யோகம் போன்றவை அண்மைக்காலத்தவை. ஐ.நா. அறிவிப்பின்படி 2015 முதல் ஜூன் 21 சர்வதேச யோகா தினமாகக் கொண்டாடப்படுகிறது.